இருபத்துமூன்றரை மணி நேரம்

(முசரவாக்கத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

தறியைப் பாதியில் நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள்.

சர்க்கரை நோய்க்கு என்ன மருந்து என்று பேசச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டார்கள். நான் டாக்டர் இல்லை. முப்பத்துநாலு வருஷம் நர்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எந்த மாத்திரை நல்லது என்று கேட்டால், உங்கள் டாக்டரைக் கேளுங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் டாக்டர் எழுதிக் கொடுக்கிற சீட்டுக்கும் உங்கள் ரத்தத்தில் ஓடுகிற சர்க்கரைக்கும் நடுவில் நெடுந்தூரம் இருக்கிறது. அந்த வழியில் எங்கெங்கே தடுக்கும், யார் கைபிடித்துக் கூட்டிப்போக வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அதைச் சொல்கிறேன்.

ஒரு நெசவாளர். வயது அறுபதைத் தாண்டியவர். காலையில் ஒரு ஊசி, ராத்திரி ஒரு ஊசி. அப்படியும் வெறும் வயிற்றில் 240, 260 என்றுதான் வரும். வருகிறபோதெல்லாம் இன்சுலின் நான்கு யூனிட் ஏறும். சர்க்கரை மட்டும் இறங்காது. "சோத்தைக் குறைக்க மாட்டேங்கிறீங்க, ஊசியை ஒழுங்காப் போட மாட்டேங்கிறீங்க" என்று வார்டில் எல்லோரும் அவரைத் திட்டினோம். நானும் திட்டியவள்தான். ஒருநாள் பயிற்சிக்கு வந்த ஒரு மாணவி, இருபது வயசுகூட இருக்காது, "தாத்தா, ஊசியை எங்கே போடுறீங்க, காட்டுங்க" என்றாள். அவர் பனியனைத் தூக்கினார். தொப்புளுக்கு வலப்பக்கம், தோலுக்கு அடியில், எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு தடிப்பு. கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியவில்லை. அவள் விரலால் அழுத்திப் பார்த்துத்தான் கண்டுபிடித்தாள். அந்த இடத்தில் குத்தினால் வலிக்காதாம். அதனால் ஆறு வருஷமாக அங்கேயே குத்திக்கொண்டிருக்கிறார்.

ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இன்சுலின் போட்டால் அங்கே கொழுப்பு தடித்துப்போகும். அதற்குள் போன மருந்து ஒருநாள் ரத்தத்தில் சேரும், ஒருநாள் சேராது. 2013ல் ஸ்பெயினில் இன்சுலின் போடுகிறவர்களின் வயிற்றையும் தொடையையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். மூன்றில் இரண்டு பேருக்கு இந்தத் தடிப்பு இருந்தது. தடிப்பு இருந்தவர்களில் நூற்றுக்கு 39 பேருக்குக் காரணமே தெரியாமல் லோ சுகர் வந்திருக்கிறது. தடிப்பு இல்லாதவர்களில் அது நூற்றுக்கு ஆறு பேர்தான். அடுத்த வருஷம் இத்தாலியில் 346 பேருக்கு, இடம் மாற்றிப் போடவும் நான்கு மில்லிமீட்டர் சின்ன ஊசியைப் பயன்படுத்தவும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். மூன்றே மாதத்தில் ஹெச்பிஏ1சி, அதாவது ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் அளவு, 0.58 புள்ளி குறைந்தது. இன்சுலினும் ஒரு நாளைக்கு இரண்டு யூனிட் குறைவாகத்தான் தேவைப்பட்டது. சொல்லிக்கொடுக்காத ஒரு கூட்டத்தை வைத்து ஒப்பிட்டுப் பார்க்கவில்லை என்பது அந்த ஆய்வின் குறை, மறைக்க மாட்டேன். ஆனாலும், விலை கொடுத்து வாங்குகிற ஒரு புது மாத்திரை அரைப் புள்ளி குறைத்தாலே கம்பெனிக்காரர்கள் கொண்டாடுவார்கள். இது விரல் நுனி செய்த வேலை.

கதை இன்னும் முடியவில்லை. தடிப்பு இல்லாத பக்கமாக ஊசியை மாற்றினோம். டோஸைக் குறைக்க மறந்துவிட்டோம். அதுவரை பாதி மருந்துகூட உள்ளே போகாத உடம்பில் அன்றைக்கு முழு மருந்தும் போனது. ராத்திரி இரண்டு மணிக்கு வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறி... அவர் வீட்டம்மா சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துக் காப்பாற்றினார். அதனால் இங்கே யாராவது இன்று வீட்டுக்குப் போய் வயிற்றைத் தடவித் தடிப்பைக் கண்டுபிடித்தால், நீங்களாக இடத்தை மாற்றாதீர்கள். முதலில் போய்ச் சொல்லுங்கள். டோஸைக் குறைத்துக் கொடுத்த பிறகு மாற்றுங்கள்.

இந்தக் கதையை முதலில் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. அந்த மாணவி எங்களைவிட அதிகம் படித்தவள் இல்லை. அவளிடம் எங்களிடம் இல்லாத ஒன்றே ஒன்று இருந்தது. நேரம். அன்றைக்கு அவளுக்கு வேறு வேலை கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

நேரத்துக்கும் சர்க்கரைக்கும் உள்ள கணக்கைப் போட்டுப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 2002ல் அமெரிக்காவில், சர்க்கரை நோயாளிகளுக்குச் சொல்லிக்கொடுத்தால் என்ன பலன் என்று பார்த்த 31 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து அலசினார்கள். சொல்லிக்கொடுத்த கையோடு ஹெச்பிஏ1சி 0.76 புள்ளி குறைந்தது. சில மாதம் கழித்துப் பார்த்தால் பலன் கால் புள்ளியாகச் சுருங்கிவிட்டது. ஒரு புள்ளி குறைய வேண்டுமானால் ஒரு நோயாளியோடு எவ்வளவு நேரம் செலவிட வேண்டும் தெரியுமா? 23.6 மணி நேரம். இருபத்துமூன்றரை மணி நேரத்துக்கும் கொஞ்சம் மேல்.

நம்முடைய ஓ.பி. வரிசையை நினைத்துப் பாருங்கள். காலை ஏழு மணிக்குப் போய்ச் சீட்டு வாங்கி, ரத்தம் கொடுத்து, மறுபடி வரிசையில் நின்று, உள்ளே போனால் "சுகர் அதிகமா இருக்கே" என்ற ஒரு வரி. பிறகு மருந்துக் கவுண்டர். மாதம் மூன்று நிமிஷம் என்று வைத்துக்கொண்டாலும் இருபத்துமூன்றரை மணி நேரம் சேர முப்பத்தொன்பது வருஷம் ஆகும். டாக்டரைக் குறை சொல்லவில்லை. அவர் கதவுக்கு வெளியே இருநூறு பேர் நிற்கிறார்கள். அந்த நேரம் வேறு யாரிடமாவது இருந்து வரவேண்டும் என்கிறேன்.

ஒரு புள்ளி குறைந்து என்ன ஆகப்போகிறது என்று நினைக்கக்கூடாது. இங்கிலாந்தில் இருபது வருஷம் நடத்திய பெரிய ஆய்வு ஒன்று இருக்கிறது. அதன் கணக்குப்படி ஹெச்பிஏ1சி ஒரு புள்ளி குறைவாக இருந்தவர்களுக்குக் கண், சிறுநீரகம் போன்ற நுண்ணிய ரத்தக்குழாய்க் கோளாறுகள் 37 சதவீதம் குறைவாக இருந்தன. சரிகை வேலைக்குக் கண் வேண்டாமா?

அப்படியானால் நர்சைப் போட்டால் போதுமா? இங்கே என் தொழிலுக்கு எதிராகவும் ஒன்று சொல்லியாக வேண்டும். நர்ஸ் என்ற பதவியை மட்டும் உருவாக்கி உட்கார வைத்தால் பெரிதாகப் பலன் இல்லை. சர்க்கரைக்கென்றே சிறப்பு நர்சுகளை நியமித்த ஆய்வுகளை 2003ல் அலசியபோது, ஒரு வருஷம் கழித்து ஹெச்பிஏ1சியில் சொல்லும்படி வித்தியாசம் தெரியவில்லை. படித்தபோது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. மூன்று வருஷம் கழித்து வேறொரு அலசல் வந்தது, 66 ஆய்வுகள். சர்க்கரை சிகிச்சையைச் சீர்படுத்த எதெல்லாம் உதவுகிறது என்று தரம்பிரித்துப் பார்த்தார்கள். டாக்டருக்கு நினைவூட்டுக் கடிதம் அனுப்புவது, கம்ப்யூட்டரில் பதிவது எல்லாம் கொஞ்சம்தான் உதவின. கூட்டாக வேலையைப் பிரித்துக்கொள்வதும், ஒரு நோயாளிக்கு ஒருவர் பொறுப்பு என்று வைப்பதும் முன்னே வந்தன. அதிலும், பொறுப்பான நர்சோ மருந்தாளுநரோ ஒவ்வொரு தடவையும் டாக்டரின் அனுமதிக்குக் காத்திருக்காமல், முன்பே எழுதி வைத்த விதிப்படி மருந்தின் அளவை மாற்ற முடிந்த இடங்களில் 0.80 புள்ளி இறங்கியது. நேரம் மட்டும் போதாது, கொஞ்சம் அதிகாரமும் வேண்டும் என்பதுதான் இதற்கு அர்த்தம். நம் நாட்டில் நர்ஸ் தானாக மருந்தை மாற்ற முடியாது, மாற்றவும் கூடாது. ஆனால் "வெறும் வயிற்றில் மூன்று நாள் தொடர்ந்து இந்த அளவுக்கு மேல் இருந்தால் இரண்டு யூனிட் கூட்டு, 70க்குக் கீழே போனால் குறைத்துவிட்டு என்னைக் கூப்பிடு" என்று டாக்டர் கையெழுத்திட்ட ஒரு தாளை நர்சிடம் கொடுக்க எந்தத் தடையும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கொடுக்கத் தயங்குகிறார்கள். நாங்களும் கேட்கத் தயங்குகிறோம். இரண்டு பக்கமும் தப்பு இருக்கிறது.

அதெல்லாம் வெள்ளைக்கார நாட்டில் சரிப்படும், இங்கே நடக்குமா என்று யாரோ பின்னால் முணுமுணுக்கிறீர்கள். நடந்திருக்கிறது. இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் பத்து மருத்துவமனைகளில் 1,146 பேரை வைத்து கார்ஸ் என்ற ஆய்வை நடத்தினார்கள். நம் சென்னை ராயபுரத்தில் இருக்கிற சர்க்கரை ஆஸ்பத்திரியும் அதில் ஒன்று. பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மீதிப் பேருக்கு, அதனோடு டாக்டர் அல்லாத ஒரு ஒருங்கிணைப்பாளர். போன் பண்ணுவார், "மாத்திரை தீர்ந்துபோச்சா, ஏன் வரல" என்று விசாரிப்பார், அடுத்த வருகைக்கு நினைவூட்டுவார். டாக்டருக்கு வழிகாட்ட ஒரு கம்ப்யூட்டர் ஏற்பாடும் உண்டு. இரண்டு வருஷத்துக்கு மேல் பார்த்ததில், சர்க்கரையோடு ரத்தக்கொதிப்பையோ கொழுப்பையோ சேர்த்துக் கட்டுக்குள் கொண்டுவந்தவர்கள், ஒருங்கிணைப்பாளர் இருந்த பக்கத்தில் நூற்றுக்கு 18, மற்ற பக்கத்தில் 8. இரண்டு மடங்குக்கு மேல். ஆனால் நூற்றுக்கு 18 தானா என்று நீங்கள் கேட்டால், அதுவும் நியாயமான கேள்வி.

ராயபுரம் என்றதும் ஒரு விஷயம். டாக்டர் எம். விஸ்வநாதன் 1948ல் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் சர்க்கரைக்கென்று தனியாக ஒரு கிளினிக் ஆரம்பித்தார். 1954ல் ராயபுரத்தில் தனி மருத்துவமனையே கட்டினார். அவருக்கும் முன்னால், 1922ல் டொரன்டோவில் ஒரு பதினாலு வயசுப் பையனுக்கு முதன்முதலாக இன்சுலின் போட்ட காலத்திலேயே, பாஸ்டன் நகரத்து டாக்டர் எலியட் ஜாஸ்லின் ஒன்றைப் புரிந்துகொண்டார். மருந்து வந்துவிட்டது, அதைச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். நர்சுகளை அதற்கென்றே பயிற்றுவித்தார். நூறு வருஷம் ஆகிவிட்டது. அக்கரையில் இலங்கையில்கூட, இலங்கை மருத்துவச் சங்கம் நடத்திய நிரோகி லங்கா திட்டத்தில், சர்க்கரை பற்றிச் சொல்லிக்கொடுப்பதற்கென்றே தாதியரைப் பயிற்றுவித்து ஆஸ்பத்திரிகளில் அமர்த்தினார்கள்.

நம் மாநிலம் சும்மா இருக்கவில்லை. 2012 முதல் ஆரம்ப சுகாதார நிலையங்களில் தொற்றா நோய்களுக்கென்று ஸ்டாஃப் நர்சுகளைப் போட்டார்கள். 2021 ஆகஸ்ட் 5ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் ஆரம்பித்தது. இப்போது உங்கள் தெருவிலேயே ஒரு பெண் பையோடு வந்து சர்க்கரை பார்த்து, மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார். நல்ல காரியம். ஆனால் அவரை மாத்திரை கொடுக்கிறவராக மட்டும் நடத்துகிறோம். வாசலிலேயே கைநீட்டி வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடுகிறோம். 2020ல் தமிழ்நாட்டில் எடுத்த ஸ்டெப்ஸ் என்ற தொற்றா நோய்க் கணக்கெடுப்பில், சர்க்கரை இருப்பவர்களில் நூற்றுக்கு 11 பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது. மாத்திரை வீட்டுக்கு வந்துசேர்வது பாதி வேலை. அந்தப் பெண்ணை உள்ளே கூப்பிட்டு, ஒரு டம்ளர் மோர் கொடுத்து உட்கார வைத்து, "நீங்க கொடுத்ததில இது எதுக்கு, எப்பச் சாப்பிடணும்" என்று கேளுங்கள். அவர் சொன்னதை நீங்கள் திருப்பிச் சொல்லுங்கள். தப்பாகச் சொன்னால் அவரே திருத்துவார். புரிந்ததா என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். திருப்பிச் சொல்லச் சொன்னால்தான் உண்மை வெளியே வரும்.

இருபத்துமூன்றரை மணி நேரத்துக்கு இன்னொரு வழியும் உண்டு. இத்தாலியில் தூரின் நகரத்தில் 112 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியைப் பத்துப் பத்துப் பேராகக் கூட்டி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டமாக உட்கார வைத்துப் பேச வைத்தார்கள். மற்றவர்கள் வழக்கம்போலத் தனித்தனியாக வந்துபோனார்கள். ஐந்து வருஷம் கழித்து, கூடிப் பேசியவர்களின் ஹெச்பிஏ1சி ஏறாமல் 7.3ல் நின்றது. தனியாக வந்தவர்களுக்கு 9.0. ஒரு நர்சின் ஒரு மணி நேரம் பத்துப் பேருக்குமே ஒரு மணி நேரம்தானே? அது மட்டும் இல்லை. நான் "சாதத்தைக் குறைங்க" என்றால் கேட்காதவர், பக்கத்து வீட்டுக்காரர் "நான் ராத்திரி ஒரு கரண்டி குறைச்சேன், பொரியலைக் கூட்டினேன், இருநூறிலிருந்து நூற்றைம்பதுக்கு வந்திடுச்சு" என்றால் கேட்பார். திண்ணை இருக்கிற ஊரில் இதற்குக் கட்டடம் கேட்க வேண்டியதில்லை.

எல்லாவற்றையும் செய்யச் சொல்வதும் தப்பு. மாத்திரை மட்டும் சாப்பிடுகிறவர்கள், இன்சுலின் போடாதவர்கள், தினம் விரலைக் குத்திப் பார்க்க வேண்டுமா? ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால் ஆறு மாதத்தில் கால் புள்ளிதான் இறங்கியது, ஒரு வருஷத்தில் அந்த வித்தியாசமும் கரைந்துவிட்டது. அந்தப் பரிசோதனைப் பட்டைகளின் விலைக்குக் கீரையும் அவரைக்காயும் வாங்குங்கள். இன்சுலின் போடுகிறவர்களுக்கு இது பொருந்தாது. அவர்கள் பார்த்தே ஆகவேண்டும்.

இன்சுலின் பற்றி இரண்டு விஷயம். அரசு ஆஸ்பத்திரியில் கொடுக்கிற பாட்டில் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. கடையில் கிடைக்கிற 100 யூனிட்டுக்கு ஆரஞ்சு மூடி. மாற்றிப் போட்டால் இரண்டரை மடங்கு தப்பாகும். வாங்கும்போது மூடி நிறத்தைப் பாருங்கள். அடுத்தது வெயில். புதுச்சேரி ஜிப்மரில் 2009ல் இன்சுலினை 32 டிகிரியிலும் 37 டிகிரியிலும் வைத்துப் பார்த்தார்கள். 28 நாளில் அதன் வீரியம் 14 முதல் 18 சதவீதம் குறைந்துவிட்டது. காஞ்சிபுரம் சித்திரை வெயிலில் ஓட்டு வீட்டுக்குள் எவ்வளவு சூடு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஃபிரிஜ் இல்லாவிட்டால் பெரிய மண்பானையில் ஈர மணல் போட்டு, அதற்குள் சின்னப் பானை வைத்து, பாட்டிலைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி வையுங்கள். ஃபிரிஜ் இருந்தால் கதவுப் பக்கத்தில் வையுங்கள், ஃபிரீசரில் வேண்டாம். உறைந்துபோன இன்சுலின் வீண்.

விரதம் இருக்கிறவர்கள் ஏகாதசிக்கும் சஷ்டிக்கும் முந்தின வாரமே வந்து சொல்லிவிடுங்கள். சாப்பாட்டை நிறுத்திவிட்டு மாத்திரையை மட்டும் போடுகிறவர்கள்தான் மயங்கி விழுவார்கள். வியர்வை, நடுக்கம், காரணமில்லாத கோபம் வந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்து, கால்மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். பெருமாள் கோவில் குடலை இட்லி வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு துண்டு. பிரசாதம் என்பது ஒரு துண்டுதானே.

கால். இதற்கு மட்டும் கொஞ்சம் நின்று பேசுகிறேன். நெசவாளருக்குக் கால் தறிக்குழிக்குள் இருக்கிறது. காலை முதல் இருட்டும்வரை அந்தக் காலை அவரே பார்ப்பதில்லை. வெறுங்காலால் மிதி மிதிக்கிறார். சர்க்கரையால் நரம்பு மரத்துப்போயிருந்தால் சிராய்ப்பு, ஆணி, எறும்புக்கடி எதுவும் தெரியாது. குழியிலிருந்து ஏறும்போது ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார். ஒரு மெல்லிய நைலான் இழை போதும், உள்ளங்காலில் தொட்டு "தெரியுதா" என்று கேட்டு அந்த மரப்பைக் கண்டுபிடித்துவிடலாம். இரண்டு நிமிஷ வேலை, நர்ஸ் வேலை. மரத்த காலுக்குச் செருப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதைப் பக்கத்து வேலூர்க்காரர்கள் உலகத்துக்கே கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். அங்கே டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் கால்களுக்குச் செய்த மெத்தென்ற ரப்பர் செருப்பும், புண்ணுக்கு மேல் போடும் முழுக் கட்டும்தான் பின்னால் சர்க்கரைக்காரர்களின் கால்களைக் காப்பாற்ற வந்தன. அந்த ரப்பர் செருப்பை எம்.சி.ஆர். செருப்பு என்று கேளுங்கள், கிடைக்கும். கோவிலுக்கு மத்தியான வெயிலில் போய் வெறுங்காலோடு பிரகாரம் சுற்றாதீர்கள். கல் சுடுவது உங்களுக்குத் தெரியாது, கொப்புளம் மட்டும் தெரியும். காலையிலேயே போய்விடுங்கள், சாமி அப்போதும் இருக்கிறார்.

தறியில் உட்கார்ந்தே இருப்பதற்கும் ஒரு வழி. மெல்பர்னில் 24 சர்க்கரை நோயாளிகளை நாள் முழுக்க உட்கார வைத்துப் பார்த்தார்கள். அரைமணிக்கு ஒருமுறை எழுந்து மூன்று நிமிஷம் மெல்ல நடந்த நாளில் சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை நன்றாகவே குறைந்தது. ஊடைநூல் தார் மாற்றும்போது எழுந்திருங்கள் என்று ஒருமுறை ஒரு தறிக்காரரிடம் சொன்னேன். "குழியிலிருந்து ஏறி இறங்கினாலே அரை கஜம் நேரம் போயிடும்மா" என்று சிரித்தார். அவர் சொன்னது சரி. ஒவ்வொரு தாருக்கும் வேண்டாம், மூன்று தாருக்கு ஒருமுறை என்று பேசி முடித்தோம். செய்கிறார். நோயாளி ஒத்துக்கொண்ட சின்ன அறிவுரை, ஒத்துக்கொள்ளாத பெரிய அறிவுரையைவிட மேல் என்பது என் கட்சி.

நேரமாகிறது. அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது நர்சிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். இன்சுலின் போடுகிறவர்கள், "ஊசி போடுற இடத்தைத் தொட்டுப் பாருங்க சிஸ்டர்." எல்லோரும், "என் காலைப் பாருங்க." வேலை அதிகம் என்று முதல் தடவை சலித்துக்கொள்வார். இரண்டாம் தடவை கேளுங்கள், பார்ப்பார். நானும் அப்படிச் சலித்துக்கொண்டவள்தான்.

எல்லோரும் செருப்பை வாசலில் விட்டிருக்கிறீர்கள். போடுவதற்கு முன்னால் தலைகீழாகப் பிடித்து ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போடுங்கள். உள்ளே கல் இருக்கலாம்.